பித்தான் டப்பாவில் கிடந்த காசு

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தையல் மிஷின் மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம், அதற்கு முன்னால் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கொடுத்த ரோமாபுரி வெள்ளிக்காசை, போன தடவை வந்தபோது எனக்கு வேண்டாம் என்று பித்தான் டப்பாவில் போட்டுவிட்டுப் போனாயே, அதைப் பித்தான் என்றே நினைத்து பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஓட்டை எங்கே என்று கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு தேடினேன். அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு என் தலையிலும்.

பயந்துபோய்ப் பழங்காசுக் கடைக்காரரிடம் ஓடினேன். யோவ் டெய்லரு, ரெண்டாயிரம் வருஷமா ஏறின கறுப்பை ஒரே மத்தியானத்துல வெளுத்துட்டியே என்று திட்டினார். நல்லவேளை, உருவம் அழியவில்லையாம். ஒரு பக்கம் முக்காடு போட்ட பெண் முகம், அது ஒற்றுமைத் தேவதையாம். மறுபக்கம் ஒரு கையை இன்னொரு கை பிடித்திருக்கிறது, அதுவும் ஒற்றுமைதானாம். ரோமாபுரிக்காரங்க அவ்வளவு ஒத்துமையாவா இருந்தாங்க என்று கேட்டேன். அட நீ வேற, அவங்களுக்குள்ள அடிச்சுக்கிட்ட காலத்துலதான் இதைப் போட்டாங்க, நிஜமா ஒத்துமை இருந்தா காசுல போட்டு ஊருக்குச் சொல்லணுமா என்றார். அதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் போனில், நாங்க நல்லாதான் இருக்கோம்ப்பா என்று நான் கேட்காமலே திரும்பத் திரும்பச் சொன்னாய். மாப்பிள்ளை ஹாலில் படுக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். இப்போது போனும் எடுப்பதில்லை. வாசல் மணி அடித்தால் நீயோ என்று ஓடுகிறேன், ஜிப் மாற்ற வந்தவர்கள் சிரிக்கிறார்கள். நேற்று ஒரு பேன்ட்டுக்கு இரண்டு இடது கால் வைத்துத் தைத்தேன்.

தப்பு அவர் மேல் என்றால் சொல், அவர் பேன்ட்டை ஒரு இஞ்ச் குட்டையாகத் தைத்துவிடுகிறேன். உன் மேல் என்றால், உன் வாய் என்னிடமிருந்து வந்ததுதானே, நீயே முதலில் பேசிவிடு. ஒத்தே வரவில்லை என்றால் மறைக்காமல் கிளம்பி வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது, மேலே உள்ள துணி மூட்டையை மட்டும் எடுக்க வேண்டும். காசைத் தனியாகத் தபாலில் போடப் பயமாக இருந்தது. நீ விட்டுப்போன கறுப்புக் கோட்டின் அடி மடிப்புக்குள் வைத்துத் தைத்துப் பார்சல் கட்டிவிட்டேன். பிரித்து எடுத்து மாப்பிள்ளை கண்ணில் படுகிற இடத்தில் வை.

இருவரும் சிரித்த முகமாக இருக்க என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு. போனை எடு.

இப்படிக்கு,
உன் டெய்லர் அப்பா

பி.கு. பார்சலை அனுப்பிவிட்டு இப்போதுதான் வந்தேன். உன் கோட்டு ஆணியில் தொங்குகிறது. கை நீளம் குறைக்கக் கொடுத்திருந்த பல் டாக்டரின் கறுப்புக் கோட்டைக் காணவில்லை. நாளைக் காலை வாங்க வருகிறார். அது உனக்குத் தொளதொளவென்று இருக்கும். மாப்பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.