அரைமருந்துத் தோட்டா

ஸ்வான் பள்ளத்தாக்கு, மொன்டானா
9 செப்டம்பர் 1981

அன்புள்ள ஆரின்,

‘அன்புள்ள’ என்று போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். வக்கீல் அனுப்பிய பிரிவுக் காகிதத்தில் நாம் இருவருமே இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே போடலாம் என்று தோன்றியது. காகிதம் சமையலறை இழுப்பறையில், ரொட்டிக் கத்திக்கு அடியில் இருக்கிறது. முதல் பனிக்குள் முடித்துவிடுவோம் என்று பேசியதை மறக்கவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நேற்று பள்ளி விட்டதும் அப்பாவின் பழைய லீவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு மேலே ஏறினேன். வெட்டிய லார்ச் மரத்தின் அடிக்கட்டையில் கொழுத்த காட்டுக்கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. நீ வெடிமருந்தைக் குறைத்துப் போட்டுக் கட்டிக் கொடுத்த அரைமருந்துத் தோட்டாக்கள் போன வருடமே தீர்ந்துவிட்டன. கடையில் கிடைப்பது மானுக்கான முழுமருந்துதான். அதையே போட்டுச் சுட்டேன். கைக்கு வந்தது இரண்டு சிறகும் ஒரு காலும். அந்தக் காலை வைத்து சூப் காய்ச்சினேன். கேரட் சூப் என்று சொல்வதுதான் நேர்மை.

பிரிந்தபோது துப்பாக்கி எனக்கு, குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா கட்டும் இயந்திரமும் உனக்கு என்று பங்கு போட்டோம். நல்ல நியாயம் என்று நினைத்தோம். இப்போது இங்கே ஒரு துப்பாக்கி சும்மா கிடக்கிறது, அங்கே ஓர் இயந்திரம் சும்மா கிடக்கிறது.

பத்தே பத்து கட்டித் தருவாயா? தபால் ஆபீசில் தோட்டா வாங்கமாட்டார்கள். வால்ட்டின் மர லாரி வாரா வாரம் உன் லிபி ஊருக்கு வருகிறதே, அதில் கொடுத்தனுப்பு.

ஆர்டிஸ்


லிபி
15 செப்டம்பர்

ஆர்டிஸுக்கு,

பத்து அனுப்பியிருக்கிறேன். ஈயக் குண்டு நேற்று வார்த்தது. அரைமருந்து என்றால் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் துளிதான் கிடக்கும். அசந்தால் ஒரே கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்துவிடும், தெரியாது, சுடுகிற உனக்கு ஆபத்து. அதனால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடுவதற்கு முன் இன்னொரு தடவையும் பார்த்தேன்.

மான் தோட்டாவோடு கலந்துவிடாமல் இருக்க, பின்பக்கம் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. முன்பெல்லாம் உன்னுடையதை எடுத்துக்கொள்வேன். இந்தத் தடவை கடையில் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் என் கையையே பார்த்தாள்.

சுட்ட கூடுகளைத் திருப்பி அனுப்பு. அந்தத் துப்பாக்கியில் ஒருதரம் வெடித்த கூடு அதன் அறைக்குத் தக்கபடி விரிந்துவிடும். அப்புறம் வேறெதிலும் சரியாக உட்காராது.

ஆரின்


ஸ்வான் பள்ளத்தாக்கு
24 செப்டம்பர்

அன்புள்ள ஆரின்,

வால்ட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சும்மா கொடுப்பாரா அவர்? “ஏம்மா ஆர்டிஸ், பொண்டாட்டிக்குப் பூ குடுத்தனுப்புறவனப் பாத்திருக்கேன், தோட்டா குடுத்தனுப்புறவன இப்பத்தான் பாக்குறேன்” என்றார். “பூவ வச்சு சூப் காய்ச்ச முடியாதுல்ல?” என்றேன். “அவன் ரெண்டு நாளா அந்தப் பெட்டிய முட்ட மாதிரி பொத்திப் பொத்தி வச்சிருந்தான்மா. என் லாரில ஏத்துறப்போ, ‘பள்ளத்துல மெதுவாப் போ’ன்னான். இருபது டன் மரம் ஏத்துறப்போ கூட எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல.” இரண்டு காப்பியும் நான் சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பை ஒரு துண்டும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

இனி புகார். உன் தோட்டா குறி தவறுகிறது. அதே அடிக்கட்டை, இன்னொரு கோழி. நான்கு சுட்டேன். நான்கும் ஒரு சாண் கீழே, கட்டையில் புதைந்தன. சத்தமோ கைதட்டல் அளவுதான். கோழி பறக்கவே இல்லை. பாட்டுப் பாடி முடித்தவள் மாதிரி கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. ஐந்தாவது தடவை கைதட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்தொன்பது வருடம் இதே துப்பாக்கியில், இதே அரைமருந்தில் சுட்டிருக்கிறேன். ஒருநாளும் இப்படி ஆனதில்லை. லிபிக்குப் போய் உனக்குக் கை கெட்டுவிட்டதா?

ஆர்டிஸ்


லிபி
30 செப்டம்பர்

ஆர்டிஸுக்கு,

தோட்டாவில் தப்பில்லை. குண்டு மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். குழலின் மேல், கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் பின்குறிக்கு அடியில் படிகளாக வெட்டிய சின்னத் தகடு இருக்கிறது பார். அதை இரண்டு படி ஏற்றிக்கொள். மானுக்குப் போகும்போது திரும்ப இறக்கிவிடு.

உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, உனக்கு எப்படித் தெரியும்? உன் கையில் தருவதற்கு முன்னால் நான்தான் ஏற்றிவிடுவேன்.

ஏற்றியபின் மண்மேட்டில் ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி, இருபத்தைந்து எட்டுத் தள்ளி நின்று ஐந்து சுடு. தாளை எனக்கு அனுப்பு. பார்த்தால் சொல்லிவிடுவேன். சுடும்போது சிரிக்காதே. கல்யாணமான வருடம் கோழி தும்மியது என்று சிரித்துக்கொண்டே சுட்டாயே, குண்டு இடப்பக்கம் போய் என் தொப்பி மாட்டியிருந்த கிளையை ஒடித்தது. சிரித்தால் உனக்கு இடப்பக்கம்தான் போகும்.

ஆரின்


ஸ்வான் பள்ளத்தாக்கு
11 அக்டோபர்

அன்புள்ள ஆரின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துப்பாக்கியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்தத் தகட்டில் இரண்டாம் படி மட்டும் தேய்ந்து பளபளவென்றிருக்கிறது. உன் கட்டைவிரல் தேய்த்தது. பத்தொன்பது வருடம் என் பக்கத்திலேயே நின்று ஏற்றியிருக்கிறாய், இறக்கியிருக்கிறாய். ஒருதரம் கூடச் சொன்னதில்லை. நான் நன்றாகச் சுடுகிறவள் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் கோபம் வந்தது. சொல்லியிருக்கலாமே. அடுத்த நாள் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. இங்கே ஆலை மூடி, லிபியில் உனக்கு ரம்பம் தீட்டும் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, “ஒரு வார்த்தை சொல்லு, நானும் வர்றேன்” என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாய். இவனுக்கு நான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த விறகு ஏப்ரல் கடைசி வரை வந்தது, ஆரின். இரண்டு வருடம் கழித்துத்தான் அதை எண்ணிப் பார்க்கிறேன். நான் பள்ளியை விட்டு வரவேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னாயோ என்னவோ. இன்னமும் சொல்கிறேன், வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குப் பேச்சுத் துணை வேண்டும். ஆனால் நீ கையால் சொன்னதைக் கேட்கத் தெரியாதது என் பங்கு.

சரி, செய்தி. இரண்டு படி ஏற்றினேன். வீட்டில் வெள்ளைத் தாள் தேடினால் எல்லாவற்றிலும் பின்னக் கணக்கு. ஒருபக்கம் வெறுமையாக, நல்ல கெட்டியாக இருந்தது ஒரே ஒரு தாள்தான், ரொட்டிக் கத்திக்கு அடியில் கிடந்தது. அதையே குத்தி ஐந்து சுட்டேன். நீ கேட்டபடி இணைத்திருக்கிறேன். வக்கீலுக்கு வேறு தாள் வேண்டுமானால் அவரே சுட்டுக்கொள்ளட்டும்.

பத்தாவது தோட்டாவுக்கு அந்தப் பாட்டுக்காரக் கோழி விழுந்தது. தலையில் மட்டும் காயம், கறி ஒரு துளி சேதமில்லை. வெண்ணெயில் வதக்கி, ஹக்கிள்பெரி ஜாம் தொட்டுத் தின்றேன். பாதி மீந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு கோழி அதிகம்.

பத்துக் கூடுகளும் வால்ட்டிடம். நகப்பூச்சுப் புட்டியையும் வைத்திருக்கிறேன், இனி கடைக்குப் போகாதே. இன்று காலை மேட்டில் முதல் பனி.

உன்
ஆர்டிஸ்


லிபி
17 அக்டோபர்

அன்புள்ள ஆர்டிஸ்,

தாள் வந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

நான் வாயால் சொல்லியிருக்கவேண்டும். விறகு அடுக்கினால் உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். புத்தியில்லாத நினைப்பு. ‘வா’ என்றால் நீ பள்ளியை விட்டுவிடுவாய், ‘வராதே’ என்றால் மனம் உடைந்துபோவாய். எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் அடுக்கிக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்கிறேன். எனக்கு வீட்டுக்கு வரவேண்டும்.

ஆலையில் கேட்டேன். வாரம் நாலு நாள் வேலை போதும் என்றார்கள். மூன்று நாள் உன்னோடு. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

இயந்திரம், அச்சு, நான், மூன்று பேரும் வெள்ளிக்கிழமை வால்ட் லாரியில் வருகிறோம். “கூலி ஒண்ணும் வேணாம்டா, ஆப்பிள் பை மட்டும் சுட்டு வைக்கச் சொல்லு” என்கிறார். மேஜையில் இயந்திரம் பூட்டியிருந்த நாலு ஓட்டையை நீ அடைத்துவிடவில்லையே? போல்ட் நான் கொண்டுவருகிறேன்.

தாளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நாலு குண்டையும் ஒரு வெள்ளி டாலரால் மூடிவிடலாம். பின்குறியைத் தொடாதே, இரண்டாம் படி சரி. ஐந்தாவது மட்டும் இரண்டு விரற்கடை இடப்பக்கம். அது மருந்தின் தப்பும் இல்லை, துப்பாக்கியின் தப்பும் இல்லை.

நீ சிரித்திருக்கிறாய்.

உன்
ஆரின்