அம்மா பக்கத்து ஜன்னல்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கட்டி ஏன் மருந்துக்குக் கரையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதைத்தான் பெங்களூரில் ஆராய்கிறேன், ஆனாலும் அம்மா விஷயத்தில் எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அன்று போனில் நான் உங்களிடம் சொன்னது இதுதான். கட்டியின் நடுவில் இரத்த ஓட்டம் குறைவு. கிளை வெட்டிக் கவாத்து செய்யாத தேயிலைச் செடிக்குள் மருந்துத் தெளிப்பு எட்டாததுபோல அங்கே மருந்து சரியாக எட்டாது. பிராணவாயு குறைந்த செல்கள் மெதுவாகவே பெருகும், வேகமாகப் பெருகுவதைக் கொல்லும் மருந்துக்குத் தப்பிவிடும். அதற்காக, பிராணவாயு கிடைக்கட்டும் என்று, வண்டிப்பெரியார் குளிரில் அம்மா கட்டில் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறீர்களாமே! பக்கத்து வீட்டு ஜெஸ்னா சொல்லிச் சிரித்தாள். வெளிக்காற்று கட்டிக்குள் போகாது, அப்பா. மூடிவிடுங்கள்.

இங்கே லேபில் ஏசி அதிகம். அம்மாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அவசரத்தில் முடிக்கிறேன்,
பிலோமினா

மறுநாள்: தபாலில் போடுமுன் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். ஜன்னலை மூடச் சொன்னேன். "குளிருதுன்னு உங்கப்பா மூடத்தான் வந்தாரு, நாந்தான் விடல. கொழுந்தெடுக்கப் போறவளுக எட்டிப் பாத்து, 'என்னக்கா, இன்னும் மகாராணிக்கு விடியலையா'ன்னு வம்பிழுத்துட்டுப் போறாளுகடி."

ஜன்னல் திறந்தே இருக்கட்டும், அப்பா. ஸ்வெட்டரை அம்மாவுக்கே போட்டுவிடுங்கள்.