மாடிப்படியில் அரை மணி நேரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிட முடியவில்லை, உன் அண்ணன் சுகம், நான் பாதி சுகம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனை எடுத்தாலே அவன் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், அதனால்தான் கடிதம். என் முட்டி வலி அப்படியே இருக்கிறது, அதற்காக நீ மருந்து எதுவும் அனுப்பாதே, போன தடவை அனுப்பியதே இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

அண்ணனுக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா. நாள் குறிக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம், கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள், நான் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை என் பக்கமே தள்ளிவிட்டு, இவருக்கு முப்பத்தாறு வயசாச்சும்மா, நீங்க போட்டா செல்லாது, அவரே போடணும், இல்லன்னா உங்களைப் பொறுப்பாளரா நியமிச்ச கோர்ட் உத்தரவு வேணும் என்றாள். எனக்கு வந்ததே கோபம். தடுப்பூசியிலிருந்து பல் பிடுங்கியது வரைக்கும் இவனுக்கு யார் கையெழுத்துப் போட்டது, உன் கோர்ட்டா போட்டது என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன்தான் என் கைப்பையைப் பிடித்து இழுத்து, வாம்மா போலாம் என்றான்.

சரி என்று கோர்ட்டில் மனுப் போட்டேன். அவர்கள் சமூக நல அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கே பதினொரு பக்கப் படிவம். அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், யாரோடு இருக்க விரும்புகிறான் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். என்னைவிட யாருக்குத் தெரியும், ஒரே மூச்சில் நிரப்பினேன். டீ குடிக்க மாட்டான், பால்தான். இருட்டென்றால் பயம், கூடத்து விளக்கு விடிய விடிய எரிய வேண்டும். அம்மாவை விட்டு ஒரு நாள்கூட இருக்க மாட்டான். எல்லோருக்கும் முன்னால் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன் போ.

போன வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துச் சொல்ல முடியாதவர்களுக்காகக் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பேசுவதுதான் அவள் வேலையாம், கோர்ட்டே நியமித்திருக்கிறது. தோளில் பை, பைக்குள் ஒரு பிளாஸ்க். பார்த்த நிமிஷமே உன் அண்ணன் பிளாஸ்க் அக்கா என்று பெயர் வைத்துவிட்டான். அவள் அவனைக் கேட்டாள், நான் பதில் சொன்னேன், மறுபடி அவனைக் கேட்டாள், மறுபடி நான் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நான் எது கேட்டாலும் அவர் முதல்ல உங்க முகத்தைப் பாக்குறார், அப்புறம்தான் வாயைத் திறக்குறார், ஒரு அரை மணி நேரம் வெளிய இருக்கீங்களா என்றாள். என் வீட்டிலிருந்து என்னையே வெளியே அனுப்புகிறாள் பார்! போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் சிரிக்கும் சத்தம் வந்தது. உன்னிடம் மறைப்பானேன், எழுந்து போய்க் கதவில் காதை வைத்தும் பார்த்தேன், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவன் என்ன பேசுகிறான் என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

கதவு திறந்து உள்ளே போனால் அவன் கையில் பிளாஸ்க் மூடி, மூடியில் டீ. லாண்டரியில் தினமும் இரண்டு தடவை டீதான் குடிக்கிறானாம், வேலைக்குச் சேர்ந்த பதினொரு வருஷமாக. ஏன்டா என்கிட்ட சொல்லல என்றேன். நீ கேக்கலையே என்றான். குறையாகச் சொல்லவில்லை, மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னான். இன்னொன்றும் கேள், ஆபரேஷன் என்றால் என்ன என்று அவள் படம் போட்டு விளக்கினாளாம், அவனே சரி என்று சொல்லித் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. டாக்டர் அதுவே போதும் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை அவள் கோர்ட்டுக்கு எழுதிய அறிக்கையின் நகல் வந்தது. நான்கு பக்கத்தில் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதும். லாண்டரியில் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடிப்பார்கள், அவனுக்கு எதிரே நின்று பிடிப்பவன் எப்போதும் விசிலடிப்பதால் அவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த விசில், உன் அண்ணனை மாதிரியே உள்ள இன்னும் இரண்டு பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறான், கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் உண்டு. அங்கே நான்காவது கட்டில் காலியாகியிருக்கிறது, ஜன்னலோரக் கட்டில். உன் அண்ணனுக்கு அங்கே போய் இருக்க ஆசையாம். மதிய இடைவேளையில் இரண்டு தடவை போய் அதில் படுத்தும் பார்த்திருக்கிறான், எனக்குத் தெரியாது. அப்போ போறீங்களா என்று அவள் கேட்டதற்கு மாட்டேன் என்றானாம். ஏன் என்று கேட்டிருக்கிறாள். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறாள்: அம்மாவுக்குத் தனியா இருக்கப் பயம், அப்பா செத்துப்போனதுலேருந்து பயம், அதான் நான் லைட்டப் போட்டு வைக்கிறேன்.

உன் அப்பா போன பிறகுதான் அந்த விளக்கு எரிய ஆரம்பித்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் அவன்தான் போடுவான். பிள்ளைக்குப் பயம் என்று அக்கம்பக்கம், டாக்டர், கோர்ட் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அவனும் ஒரு நாள்கூட மறுத்துப் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஆறு வருஷம் இருந்திருக்கிறான். நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

பிளாஸ்க் அக்காவுக்குப் போன் செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன், சண்டை வரவில்லை. நான் சொன்னா அவர் போக மாட்டார், எனக்குப் பயமில்லடா, நீ போன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி உங்க மனு விசாரணைக்கு வருது, அன்னிக்கு அவர் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும் என்றாள். அப்போ எனக்காகப் பேச யார் இருக்கா என்று கேட்டுவிட்டேன். அதுக்குன்னு யாரையும் நியமிக்கிறதில்லம்மா என்றாள்.

இன்றைக்கு வியாழன். மூன்று நாளாகச் சொல்லப் பார்க்கிறேன். அவன் தட்டுத் துடைக்கும்போது ஆரம்பித்தேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா பண்ணுது என்று தண்ணீர் கொண்டுவந்தான். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடிக்கே நம்பிக்கை வரவில்லை. பயம் இருக்கிறது, அம்மா உண்மையைச் சொல்கிறேன், இருக்கிறது. அவனுக்காக எத்தனையோ பேரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன், இந்த ஒரு வாக்கியம் வாயில் வர மாட்டேன் என்கிறது.

நீ கிளம்பி வருகிறேன் என்று ஆரம்பிக்காதே. வந்தாலும் பதினைந்து நாளில் திரும்பிப் போகத்தான் வேண்டும், அதற்கப்புறம் பயம் இரண்டு மடங்காக இருக்கும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குட்டியை யாராவது ஏதாவது கேட்டால் நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே, போன தடவை பேசியபோது கவனித்தேன், அந்தப் பழக்கம் உனக்கும் வந்திருக்கிறது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இது கைக்குக் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வீடியோவில் வராதே, வெறும் போனில் பேசு. அந்த ஜன்னலோரக் கட்டிலைப் பற்றி அவனிடம் கேள். அம்மா தனியா என்ன பண்ணுவாங்க என்று அவன் கேட்டால், அம்மாவுக்குப் பயமில்லை என்று நீ சொல். போனில் உன் முகம் அவனுக்குத் தெரியாது. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா