பேட்டரி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்

அக். 2, வியாழன்
மேகமூட்டம். துணி காயவில்லை.

ஆன்லைன் டியூஷன் கம்பெனியிலிருந்து மெயில். சனி மதியம் 3 மணிக்கு டெமோ வகுப்பு. ஆறாம் வகுப்புக் கணக்கு, ஒரு மணி நேரம். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. தேறாவிட்டால் திருப்பதிப் பள்ளிக்கூட வேலை, தினம் நாலு பஸ். இது கிடைத்தே ஆகவேண்டும்.

நைனா லைன்மேனைப் பார்த்துவிட்டு வந்தார். "சனிக்கெழம லைன் வேலையாம். காத்தால போனா சாயந்தரம்தான் கரெண்டு வரும்."

நல்ல நாள் பார்த்தார்கள்! லேப்டாப்போ பழசு, லினக்ஸ் போட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் முக்கால் மணி நேரம் தாண்டாது.

அம்மா: "சித்தூர்ல சித்தி வூட்டுக்குப் போயேண்டி." சித்தி வீட்டில் மூன்று வாண்டுகள். வேண்டவே வேண்டாம்.

அக். 3, வெள்ளி
தூறல். காலையிலிருந்து லேப்டாப்பின் டெர்மினலில் கட்டளை அடிப்பதுதான் வேலை.

பேட்டரியை மிச்சம் பிடிக்க டிஎல்பி என்ற புரோகிராம் போட்டாயிற்று. ப்ளூடூத், கட். கீபோர்டு விளக்கு, கட். பிராசசர் வேகம் கம்மி. வெளிச்சத்துக்குத் தக்கபடி திரை தானே கூடிக் குறைய ஆட்டோ பிரைட்னஸ். ஒன்றரை மணி நேரம் காட்டுகிறது! ஆடாத குறை.

ஒரே தொல்லை, திரை இருட்டு. கூட்டினால் உடனே இறங்குகிறது. கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி, ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸைத் திட்டி... மதியம் வரை இதேதான். அழுகை வராத குறை.

தங்கை கவிதா வந்தாள். "இன்னாக்கா, சோறு துன்னாம இதயே பாத்துக்கினு கீற? கேமரா பக்கத்துல இன்னாது, குங்குமமா?"

புதன்கிழமை ஆயுத பூசைக்கு அம்மா வைத்த பொட்டு. சரியாக வெளிச்சம் பார்க்கும் லைட் சென்சார் மேல்! லேப்டாப்புக்கு எப்போதும் நடுராத்திரி. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிக்சி, பீரோ, நைனாவின் வண்டி, எல்லாவற்றிலும் பொட்டு. இதில் மட்டும் சந்தேகம் வருமா?

அம்மா விடவில்லை. "நாளிக்குப் பரீட்சைய வெச்சிக்கினு பொட்ட அழிப்பியா?" கடைசியில் பொட்டு மூடியின் வெளிப்பக்கம் குடிபோனது. திரை பளிச். நேரம் ஒன்றேகாலாகக் குறைந்தது. போதும்.

அக். 4, சனி
வெயில். கரண்ட் காலையிலேயே போயிற்று. லைன்மேன் சொன்ன சொல் தவறாதவர்.

3 மணி. போனில் ஹாட்ஸ்பாட். ஐந்து பிள்ளைகள், மார்க் போடத் திருப்பதியிலிருந்து ஒரு சார். பாடம் பின்னம்.

பாதி வகுப்பில் சார் முகம் அப்படியே உறைந்தது. பிறகு ஆளே இல்லை. என் பேட்டரி பாதிக்கு மேல், நெட்டும் இருக்கிறது. மார்க் போட ஆளில்லாமல் நடத்துவதா? ஒரு பெண், "மிஸ், நெக்ஸ்ட் சம்?" என்றாள். நடத்தினேன், முழு மணி நேரமும்.

முடிக்கும்போது சார் போனிலிருந்து வந்தார், வியர்த்துப்போய். "சாரிம்மா, இக்கட கரெண்ட் போயிந்தி. லேப்டாப் உடனே ஆஃப். நீங்க இன்னும் க்ளாஸ் எடுத்துக்கினே இருக்கீங்களா?"

"எங்க ஊர்ல காத்தாலேர்ந்தே கரெண்ட் இல்ல சார்."

சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம ஜாயின் பண்ணிடுங்க. சம்பளம் அப்புறம் பேசலாம். மொதல்ல அந்த செட்டிங் இன்னான்னு சொல்லுங்கம்மா."