உறை போட்ட கை

பிப்ரவரி 6, வியாழன்

ஊரார் உடம்பையெல்லாம் கூசாமல் கழுவுகிற என் கை, மகளின் உடம்பை நினைத்தாலே ஏன் கூசுகிறது? எனக்குத் தெரியவில்லை.

மகள் விட்லீனுக்கு நேற்று ஆண் குழந்தை. சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். மறுநாளே இலைக் குளியல் தொடங்க வேண்டும்: இலைகளைக் கசக்கிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் பிள்ளை பெற்ற உடம்பைக் கழுவுவது. அது அவளைப் பெற்ற தாய் செய்ய வேண்டிய வேலை. எங்கள் தீவில், சொந்த ஊர் ஜக்மெலில் என்றால் என் தங்கை எர்சீலி செய்திருப்பாள். ஏழு வயதில் விட்லீனை அவளிடம் விட்டுவிட்டுத்தான் நான் பாஸ்டனுக்கு வந்தேன். விட்லீன் ‘அம்மா’ என்று கூப்பிடுவது எர்சீலியை. நான் ‘மிர்லாந்த் அம்மா’. எர்சீலிக்கு விசா மறுத்துவிட்டார்கள். ஆக, நான்தான்.

பல்கலைக்கழகத்தில் இந்தக் குளியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மூடநம்பிக்கை என்று முடித்திருந்தேன். நல்ல மதிப்பெண்.

பிப்ரவரி 7

சம்பந்தியம்மா மதாம் தெசூல்மே போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து விட்லீன் வருவது அவர் வீட்டுக்குத்தான்.

“பெத்தவ நீங்க இருக்கறப்ப நான் தொடலாமா? ஆனா ஒண்ணு சம்பந்தியம்மா, தண்ணி கொதிக்கக் கொதிக்க இருக்கணும். ஆபீஸ்ல பேனா புடிக்கிற கை, தாங்குமா?”

சிரித்து வைத்தேன். முதியோர் இல்லத்தில் ‘அலுவலக வேலை’ என்று அவரிடமும் தேவாலயத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன். விட்லீனிடமும்தான். சீருடையை அங்கேயே மாற்றிக்கொண்டு, நல்ல உடுப்பில் வீடு திரும்புகிறேன். மலம் துடைக்கிறேன், கிழவர்களைக் குளிப்பாட்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊரில் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கிய ஆசிரியை.

பிப்ரவரி 8

இலை கிடைத்தது. பப்பாளி, ஆமணக்கு, முள்சீத்தா. வாடியவைதான். இந்தப் பனியில் இதுவே பெரிது.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது —

தண்ணீர் கொதித்தது. கைபேசியைக் குளியலறைக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்திருந்தோம். ஜக்மெலிலிருந்து எர்சீலி அதில் அதட்டிக்கொண்டிருந்தாள். “கசக்கு அக்கா! புஸ்தகம் பொரட்டற மாதிரி எலையப் பொரட்டறியே!” விட்லீன் சிரித்தாள். என் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். அவள் துணியை அவிழ்த்துவிட்டு, குட்டை நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் குனிந்தேன். இல்லத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்வதையே சொன்னேன்: “இப்ப இடது பக்கம் கழுவப் போறேன், சரியா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, கையை.

கையுறை போட்டிருந்தேன். எப்போது போட்டேன்? சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஜோடி கிடக்கும். உடம்பைக் கண்டதும் கை தானாக எடுத்து மாட்டியிருக்கிறது.

“என்னத் தொட அவ்வளவு அருவருப்பா இருக்கா உங்களுக்கு?”

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு ஏன் உறை என்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. கதவுக்கு வெளியே மதாம் தெசூல்மேயின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். விட்லீன் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது.

எப்பேர்ப்பட்டவள் நான்! மகளை அருவருப்பவள் என்ற பெயரை ஏற்றுக்கொள்கிறேன், கூலிக்குக் குளிப்பாட்டுகிறவள் என்ற பெயரை ஏற்க மாட்டேனாம்.

நாளைக்கு, கையில் சொறி, உனக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்தேன் என்று சொல்லிவிடலாம். நம்புவாள். நம்பும்படி சொல்ல எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 10, திங்கள்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் போனபோது மதாம் தெசூல்மே குளியலறை வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். பக்கத்தில் ஆவி பறக்கும் வாளி. விட்லீன் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க கஷ்டப்பட வேணாம் சம்பந்தியம்மா. பழக்கமில்லாத வேலை. நானே ஊத்திடறேன்.”

சொறி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பழக்கம் இருக்கு,” என்றேன். “அதான் என் வேலையே. ஆபீஸ்லாம் ஒண்ணும் இல்ல. நான் குளிப்பாட்டற ஆளு. வந்த நாள்லேருந்து. அங்க உறை போடாமத் தொடக் கூடாது. நேத்து கை தானாப் போட்டுக்கிச்சு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தேவாலயத்துல ஃபாதர் கிட்டகூட ஆபீஸ்னுதானே சொன்னீங்க?”

“ஆமா. பொய்தான்.”

உள்ளேயிருந்து விட்லீன்:

“தண்ணி ஆறுது. மிர்லாந்த் அம்மா, உள்ள வாங்க.”

போனேன். கை பொறுக்காத சூடு. அவள் தோளுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு இருந்தது. எனக்குத் தெரியாத தழும்பு. மதாம் தெசூல்மே கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவமானம் ஒரு துளியும் குறையவில்லை. வெறுங்கையால் முதுகு முழுவதும் தேய்த்து முடித்தேன்.

“நாளைக்கு இன்னும் கொஞ்சம் சூடா,” என்றாள்.