டைல்ஸுக்கு அடியில் கிணறு

அரும்பாவூர்

என் பேத்திக்கு,

பழைய வீட்டை வாங்கிப் புதுசாக்கி லாபத்துக்கு விக்கிறோம்னு நீயும் உம் புருஷனும் குதிச்சப்ப சந்தோஷப்பட்டேன். இப்ப வயிறு எரியுது. கொல்லைக் கிணத்தைத் தூர்க்காம, பழைய கதவைப் படுக்கப் போட்டு மூடி, மேல டைல்ஸ் ஒட்டி, கார் நிறுத்துற இடம்னா சொல்லி விப்பீங்க?

கேட்டா, "வாங்குறது உங்க எதிரி அஞ்சலம்தானே அம்மாயி, உங்களுக்கென்ன?"ங்கிறான் உம் புருஷன்.

எதிரிதான். உங்கம்மா கல்யாணப் பந்தியில, நான் வச்ச குழம்பு உப்புன்னு சோத்தோட இலையை மூடினவ. அன்னையிலேர்ந்து அவகிட்ட பேச்சில்ல. ஆனா அங்க சைக்கிள் ஓட்டப்போறது அவ பேரப்புள்ள.

கடுதாசி கண்டதும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்லுவேன். அவகிட்ட என்னை முதல்ல பேச வச்சீங்கன்னா, அதைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

உன் அம்மாயி