மழைக் கொழுந்தும் திறந்த வகுப்பும்

இன்று காலை ஒரு புதிய கணினி மொழியின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'எழுதியவர் திறந்துவிட்டாலன்றி, ஒரு வகுப்பிலிருந்து கிளை வகுப்பு எடுக்க முடியாது' என்று ஒரு வரி. நிரலில் வகுப்பு என்பது ஒரு வார்ப்பு; அதன் மேல் கட்டி, வேண்டிய பகுதியை மட்டும் மாற்றிக்கொள்வது கிளை வகுப்பு. கையேட்டை மூடிவிட்டேன். இதை நீ எண்பதுகளின் கடைசியிலேயே, லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தைச் சுருட்டும் ரோலர் இரைச்சலுக்கு நடுவே சொல்லிவிட்டாயே, புள்ள!

தேயிலைத் தொழிற்சாலைக்கு முதல் கணினி வந்திருந்த நேரம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த நாம் இருவருமே அதற்கு நிரல் எழுதினோம். பறித்த கொழுந்தை ரோலரில் போடும் முன் எத்தனை மணிநேரம் வாட்ட வேண்டும் என்று கணக்கிட, 'கொழுந்து' என்றொரு வகுப்பை நான் எழுதினேன். அதிலிருந்து நீ 'மழைக் கொழுந்து' என்று கிளை எடுத்து, ஈரத்தைக் கணிக்கும் பகுதியை மட்டும் மாற்றினாய். மழைநாளில் வாட்டும் நேரம் தானாகக் கூடியது.

பிறகொரு நாள் என் வகுப்பைச் செப்பனிட்டேன். தனிப் பகுதியாக இருந்த ஈரக் கணக்கை நேரக் கணக்குக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். நீ மாற்றி எழுதிய பகுதியை நிரல் இனி எட்டிப்பார்க்காது, அது அன்றோடு செத்துப்போனது என்பது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அடைமழை. 'வாடிவிட்டது' என்றது திரை. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார்.

"தண்ணி அப்புடியே நிக்குது! ரோலர போடாதீங்க!"

அந்தக் கொழுந்தை நனைந்து நனைந்து பறித்தவர்களில் உன் அம்மாவும் ஒருவர். நீ நிரலை வரிவரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாய்.

"நீ ஒன் வீட்டத்தான திருத்துன. நான்தான் கேக்காம ஒன் செவுத்துல சாஞ்சிட்டேன்."

"அப்ப எல்லாத்தையும் பூட்டி வைக்கவா? நாம நெனைக்காதத நாளைக்கு யாரு சேப்பாங்க?" என்றேன்.

"பூட்டி வச்சத, கேட்டா தொறந்துக்கலாம். தொறந்து வச்சத மூடுனாத்தான் அடுத்தவங்க வீடு இடியும்."

நீ அதைப் படித்திருக்க அங்கே புத்தகமே கிடையாது. நாம் எழுதிய கணினி மொழியில் கிளை எடுப்பதைத் தடுக்கும் பூட்டும் இல்லை. அதனால் ஒவ்வொரு வகுப்பின் தலையிலும் ஆங்கில எழுத்துகளால் தமிழில் தட்டினாய்: 'இதுமேல கட்டாதீங்க. வேணும்னா கேளுங்க.'

நீ கண்மூடிப் பல வருடங்களாகின்றன. இன்னும் மனதுக்குள் உன்னோடு வாதாடுகிறேன். அன்று நான் பூட்டியிருந்தால் உன் மழைக் கொழுந்து பிறந்திருக்குமா என்கிறேன். "கேட்டிருப்பேன்ல? பக்கத்து நாற்காலியிலதான இருந்த" என்கிறாய்.

இப்போது எவராவது என் வகுப்பின் மேல் எழுத வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, "இதில் எதை நம்பிக் கட்டப்போகிறீர்கள்?" என்று கேட்கிறேன். அதை மட்டும் திறந்துவிடுகிறேன். திறந்த பிறகு அதில் கைவைப்பதில்லை.